இரண்டு விமானங்களைக் கேட்ட மனிதர்: தொழுநோயாளரின் தூதர் ரவுல் ஃபொலெரோ



ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தின் இறுதி ஞாயிற்றுக்கிழமையை உலகத் தொழுநோய் நாளாகத் திருச்சபையும் உலக நாடுகளும் கடைப்பிடித்து வருகின்றன. நமது இந்திய நாட்டில் மகாத்மா காந்தியடிகள் உயிர்நீத்த சனவரி 30ஆம் நாள் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அன்றைய திருப்பலியில் நாம் ஒரு மன்றாட்டைச் சொல்லி, உண்டியலில் ஒரு காணிக்கையைப் போட்டுவிட்டு வீடு திரும்புகின்றோம். இந்த நாளை முதன்முதலில் உலகிடம் கேட்டு வாங்கியவர் யார், அவர் எதற்காகக் கேட்டார் என்று நாம் நினைத்துப் பார்ப்பது அரிது.

அவர் ஆயர் அல்லர், குருவும் அல்லர். மருத்துவரோ அரசியல் தலைவரோ கூட அல்லர். அவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒரு சாதாரண கத்தோலிக்கப் பொதுநிலையினர். எழுத்தும் பேச்சும் மட்டுமே அறிந்தவர். அவர் பெயர் ரவுல் ஃபொலெரோ. ஏழை நாடுகளின் நோயாளிகளுக்காக வல்லரசுகளின் வாசற்படி வரை தூது சென்ற அந்த மனிதரின் வாழ்வை இன்று சற்று சிந்திப்போம்.

நெவேர் நகரத்து இளைஞர்

ரவுல் ஃபொலெரோ 1903ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிரான்சின் நெவேர் நகரில் பிறந்தார். லூர்து நகரில் அன்னை மரியாவின் காட்சி பெற்ற புனித பெர்னதெத்தின் உடல் வைக்கப்பட்டிருக்கும் அதே நெவேர் நகரம்தான். முதல் உலகப்போர் அவருடைய தந்தையைப் பறித்துக்கொண்டது. போர் என்றால் என்ன என்பதை அந்தச் சிறுவன் புத்தகத்தில் படித்து அறியவில்லை. வீட்டில் காலியாய்க் கிடந்த நாற்காலியைப் பார்த்து அறிந்தான்.

இளமையிலேயே மேடையில் பேசவும், கவிதையும் நாடகமும் எழுதவும் அவருக்குத் திறமை வாய்த்திருந்தது. 1925ஆம் ஆண்டு மதலேன் என்ற பெண்மணியை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைப் பேறு இல்லை. ஆனால் பின்னாளில் அவர் மேற்கொண்ட நெடும் பயணங்களில் எல்லாம் மதலேன் அவருக்குத் துணையாக நின்றார்.

அவருடைய இளமைக்காலத்தை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. 1927ஆம் ஆண்டு லத்தீன் நாகரிகத்தின் பெருமையைக் காக்க வேண்டும் என்று ஓர் இயக்கத்தை அவர் தொடங்கினார். அக்காலத்துக் கடுமையான தேசியவாதப் போக்கு அவரையும் பற்றியிருந்தது. ஐரோப்பாவின் பண்பாடே உலகுக்கு ஒளி என்று நம்பியவர் அவர். கடவுள் குறையற்றவர்களைத் தேடிப்பிடித்து அழைப்பதில்லை. தமஸ்கு நகருக்குப் போகும் வழியில் சவுலை நிறுத்தியது போல, இவரையும் ஒரு வழியில் நிறுத்தினார்.

பாலைவனப் பாதையில்

அந்த வழி சகாரா பாலைவனத்தின் வழி. அங்கே துவாரெக் மக்களிடையே தனித்து வாழ்ந்து, 1916ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் சுட்டுக்கொல்லப்பட்ட சார்லஸ் தெ ஃபூக்கோ என்னும் துறவியைப் பற்றி எழுதுவதற்காக, 1936ஆம் ஆண்டு ஃபொலெரோ ஆப்பிரிக்கா சென்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்திய அதே சார்லஸ் தெ ஃபூக்கோதான் அவர். மணலில் புதைந்த கோதுமை மணியைப் போன்ற அவருடைய வாழ்வு, பேச்சையே தொழிலாகக் கொண்டிருந்த ஃபொலெரோவை அசைத்தது. பெருமை பேசி நாகரிகத்தை வளர்ப்பது ஒன்று, கடைசி இடத்தில் போய் அமர்ந்துகொள்வது வேறொன்று என்பது அவருக்குப் புரியத் தொடங்கியது.

அந்தப் பயணத்தில்தான் அவர் முதன்முறையாகத் தொழுநோயாளர்களைச் சந்தித்தார். வண்டி சூடேறி நின்றுவிட, தண்ணீருக்காக ஓரிடத்தில் காத்திருந்தபோது, புதர்களுக்குள்ளிருந்து அச்சம் நிறைந்த முகங்கள் எட்டிப் பார்த்தன. அருகே வருமாறு அவர் அழைக்க, சிலர் ஓடி ஒளிந்தனர். சிலர் அசையாமல் நின்றனர். இவர்கள் யார் என்று வழிகாட்டியைக் கேட்டார். தொழுநோயாளிகள் என்று பதில் வந்தது. ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். அதற்கும் அதே பதில்தான் வந்தது. அவர்கள் செய்த குற்றம் என்ன என்று கேட்டபோதும் வழிகாட்டியிடம் வேறு பதில் இல்லை. நோயின் பெயரே குற்றமாகவும் தண்டனையாகவும் காரணமாகவும் இருந்தது.

தாம் இதுவரை பெருமை பேசி வந்த நாகரிகம் இம்மனிதர்களுக்கு என்ன செய்தது என்ற கேள்வி அன்று அவருக்குள் விழுந்தது. ஆனால் அந்த விதை முளைக்க இன்னும் ஆறு ஆண்டுகளும் மற்றொரு உலகப்போரும் ஆயின.

கன்னியர் மடத்தில் பிறந்த பணி

1942ஆம் ஆண்டு. பிரான்சு நாடு செர்மானியரின் பிடியில் இருந்த காலம். ஃபொலெரோ லியோன் நகருக்கு அருகே வெனிசியூ என்னும் இடத்தில் திருத்தூதர்களின் அன்னை சபை அருட்சகோதரிகளின் மடத்தில் தஞ்சம் புகுந்திருந்தார். அச்சபையின் தலைமை அன்னையாக அப்போது இருந்தவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த அன்னை எவுஜேனியா. ஐவரி கோஸ்ட் நாட்டில் கடலோர நீர்நிலைத் தீவு ஒன்றில் தொழுநோயாளர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததை அவர் நேரில் கண்டு வந்திருந்தார். காட்டின் நடுவே அவர்களுக்கென்று ஓர் ஊர் எழுப்ப வேண்டும், அதில் வீடும் தோட்டமும் தொழிற்கூடமும் மருத்துவமனையும் இருக்க வேண்டும், அவர்கள் அங்கே மனிதராக வாழ வேண்டும் என்பது அவருடைய கனவு. இடமும் பார்த்தாகிவிட்டது. அதன் பெயர் அட்ஸோப்பே. ஆனால் கையில் பணம் இல்லை.

மடத்தில் ஒளிந்திருந்த விருந்தாளி, பணம் சேர்க்கும் பொறுப்பைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். 1943ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆன்சி நகரில் முதல் சொற்பொழிவை ஆற்றினார். பிரான்சு மக்களே ரொட்டிக்காகப் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற நாள்கள் அவை என்பதை நாம் மறக்கக்கூடாது. பசியோடு இருந்தவர்களிடம்தான், கண்ணால் காணாத ஆப்பிரிக்கத் தொழுநோயாளிக்காக அவர் கையேந்தினார். அவர்களும் கொடுத்தார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 1,200 சொற்பொழிவுகள். ஊர் ஊராக, நாடு நாடாக அவர் போனார். அட்ஸோப்பே எழும்பியது. அவர் பெயர் தாங்கிய மருத்துவ நிலையமும் பின்னர் அங்கே அமைந்தது.

இதே காலத்தில் இன்னொரு வழக்கத்தையும் அவர் தொடங்கினார். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு மணி நேர உழைப்பின் ஊதியத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பணக்காரரின் ஒரு மணி நேரமும் கூலித் தொழிலாளியின் ஒரு மணி நேரமும் கடவுள் முன் ஒரே அளவுதான். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை ஆண்டவர் எண்ணிப் பார்த்த கணக்கு இது.

குருவிடம் போய்க் காட்டு

அன்புக்குரியவர்களே, இதுவரை நாம் கண்டது இரக்கப் பணி. இதோடு அவர் நின்றிருந்தால், நல்ல உள்ளம் கொண்ட வள்ளல்களின் வரிசையில் அவரையும் சேர்த்திருப்போம். ஆனால் அவர் அடுத்த படிக்குப் போனார். அதைப் புரிந்துகொள்ள மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்துக்கு நாம் செல்ல வேண்டும்.

தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வந்து முழந்தாளிட்டு வேண்டுகிறார். இயேசு பரிவு கொண்டு, கையை நீட்டி அவரைத் தொட்டு நலமாக்குகிறார். இந்த இடத்தோடு நாம் மறையுரையை முடித்துவிடுகிறோம். ஆனால் நற்செய்தி முடியவில்லை. குருவிடம் போய் உன்னைக் காட்டு, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்று ஆண்டவர் அவரை அனுப்புகின்றார். ஏன்? லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தின்படி, தீட்டு உள்ளவர் பாளையத்துக்கு வெளியே தனியாகத்தான் குடியிருக்க வேண்டும். அவரை வெளியே அனுப்புவதும் குருவின் தீர்ப்பு. உள்ளே ஏற்பதும் குருவின் தீர்ப்பு. உடல் நலமானாலும், அதிகாரம் உள்ளவர் அறிவிக்காத வரையில் அந்த மனிதர் ஊருக்குள் காலடி வைக்க முடியாது. ஆகவே இயேசு உடலைக் குணமாக்கியதோடு நில்லாமல், சட்டத்தின் கதவையும் தட்டச் சொன்னார்.

ஃபொலெரோவின் காலத்தில் இந்த நிலைதான் மீண்டும் வந்திருந்தது. 1940களில் சல்ஃபோன் வகை மருந்துகள் வந்துவிட்டன. நமது செங்கல்பட்டில்கூட மருத்துவர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்திச் சிகிச்சை அளித்தார். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தீராத நோய் என்று அஞ்சப்பட்டது தீரக்கூடிய நோயாக மாறிக்கொண்டிருந்தது. ஆனால் சட்டங்கள் மாறவில்லை. பல நாடுகளில் நோயாளிகள் வேலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர். மருந்து வந்த பிறகும் விடுதலை வரவில்லை.

எனவே 1952ஆம் ஆண்டு அவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். தொழுநோயாளரும் மற்ற நோயாளரைப் போன்றவரே, அவர்களுடைய உரிமைகளையும் விடுதலையையும் பாதுகாக்க உலகளாவிய சட்ட ஏற்பாடு வேண்டும் என்பது அதன் சாரம். பரிதாபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இப்போது நீதியைக் கேட்கத் தொடங்கினார்.

1954ஆம் ஆண்டு சனவரியில் உலகத் தொழுநோய் நாளைத் தொடங்கினார். அக்காலத் திருவழிபாட்டில் திருக்காட்சி விழாவுக்குப் பின்வரும் மூன்றாம் ஞாயிறன்று, தொழுநோயாளரை இயேசு நலமாக்கிய மத்தேயு நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. அந்த வழிபாட்டுக் காலத்தை ஒட்டியே இந்நாளும் அமைந்தது. அதற்கு அவர் வைத்த நோக்கங்கள் இரண்டு. ஒன்று, தொழுநோயாளர் மற்ற நோயாளரைப் போல மதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற வேண்டும். மற்றொன்று, நலமாக இருப்பவர்கள் தங்களைப் பிடித்திருக்கும் அச்சம் என்ற நோயிலிருந்து குணம் பெற வேண்டும். இரண்டாவது நோக்கம் நம்மைப் பற்றியது என்பதைக் கவனிப்போம்.

பதில் வராத கடிதங்கள்

அதே 1954ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று அமெரிக்க அரசுத்தலைவர் ஐசனோவருக்கு. மற்றொன்று சோவியத் ஒன்றியத்தின் பிரதமர் மாலென்கோவுக்கு. உலகம் இரண்டாகப் பிரிந்து, அணுகுண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பனிப்போர்க் காலம் அது. இருவரிடமும் அவர் கேட்டது ஒன்றுதான். ஆளுக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தைக் கொடுங்கள் என்பதே அது. அந்த இரண்டு விமானங்களின் விலையைக் கொண்டு உலகத்திலுள்ள எல்லாத் தொழுநோயாளருக்கும் மருத்துவம் செய்துவிடலாம் என்று அவர் கணக்குச் சொன்னார். இரு தரப்பிலும் ஒவ்வொரு விமானம் குறைந்தால் படைபலச் சமநிலை கெட்டுவிடாது என்பதையும் நயமாக எடுத்துக்காட்டினார்.

இந்தக் கோரிக்கையின் கூர்மையை எண்ணிப் பாருங்கள். அவர் எந்தப் பக்கத்தையும் கண்டிக்கவில்லை. கம்யூனிசத்தைக் குறை கூறி அமெரிக்காவிடம் கேட்கவில்லை. முதலாளித்துவத்தைச் சாடி ரஷ்யாவிடமும் கேட்கவில்லை. பகைவர் இருவரையும் ஒரே நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தார். நாடுகளுக்கிடையே நோயாளியின் பொருட்டு நடக்கும் தூது என்பது இதுதான். பேச்சுவார்த்தை மேசையில் அமர மறுப்பவர்களும், சாகக் கிடக்கும் குழந்தையின் முன்னே தலைகுனியக்கூடும் என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம்.

விமானங்கள் வரவில்லை. இந்த உண்மையை நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. அவருடைய கணக்கு மிக எளிமையானது, நோயை ஒழிக்கப் பணம் மட்டும் போதாது, மருத்துவர்களும் சாலைகளும் அரசுகளின் மனமும் வேண்டும் என்று யாராவது வாதிட்டால் அதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கடிதங்கள் வீணாகவும் இல்லை. இல்லாதவர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று சொல்லும் அரசுகளிடம், எதற்குப் பணம் இருக்கிறது என்று எல்லாரும் கேட்கும்படி அவை செய்தன. நேர்மையற்ற நடுவரின் வாசலில் மீண்டும் மீண்டும் போய் நின்ற கைம்பெண்ணைப் பற்றி லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். நடுவருடைய மனம் எப்படி இருந்தாலும் அவள் தன் வழக்கைக் கைவிடவில்லை.

ஒரு நாள் போர்ச் செலவு

பெரியவர்கள் கேளாதபோது ஃபொலெரோ சிறியவர்களிடம் திரும்பினார். 1964ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவைக்கு ஒரு புதிய வேண்டுகோளை முன்வைத்தார். ஒவ்வொரு நாடும் ஆண்டில் ஒரே ஒரு நாளுக்கு உரிய படைச் செலவை விட்டுக்கொடுத்து, அத்தொகையைப் பசியையும் நோயையும் ஒழிக்கத் தரட்டும் என்றார். இம்முறை தாம் மட்டும் கையெழுத்திடவில்லை. உலகெங்குமுள்ள இளையோரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். 125 நாடுகளைச் சேர்ந்த 40 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்களும் இளம் பெண்களும் இந்த வேண்டுகோளை ஆதரித்து ஐக்கிய நாடுகள் அவைக்கு எழுதினார்கள். வாக்குரிமைகூட இல்லாத வயதினர் பலர், உலகத் தலைவர்களிடம் ஒரு நாள் அமைதிக்காக மனுப் போட்டார்கள்.

அதே 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நமது மும்பை நகரில் நடைபெற்ற அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் வந்திருந்தார். அங்கே பத்திரிகையாளர் வழியாக அவர் உலகுக்கு விடுத்த வேண்டுகோளும் இதே திசையில் அமைந்தது. படைக்கலன்களுக்காகச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, வறியோருக்கு உதவும் உலக நிதி ஒன்றை உருவாக்குங்கள் என்று நாடுகளை அவர் கேட்டுக்கொண்டார். 1967ஆம் ஆண்டு வெளியிட்ட மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலிலும் அதை வலியுறுத்தினார். ஒரு பொதுநிலையினரின் குரலும் திருத்தந்தையின் குரலும் ஒரே ஆண்டில் ஒரே பொருளைக் குறித்து ஒலித்ததைக் காணும்போது, தூய ஆவியார் தாம் விரும்பும் இடத்தில் வீசுகிறார் என்பதை உணர்கிறோம்.

தனி மனிதரின் ஆர்வம் அவரோடு முடிந்துவிடக் கூடாது என்பதையும் ஃபொலெரோ அறிந்திருந்தார். தொழுநோய்ப் பணி செய்த பல நாட்டு அமைப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் இணைந்து செயல்பட 1966ஆம் ஆண்டு ஐரோப்பிய அளவில் ஒரு கூட்டமைப்பு உருவானது. அதை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அது 1975ஆம் ஆண்டு அனைத்துலகக் கூட்டமைப்பாக வளர்ந்தது.

1977ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பாரீசு நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். சொத்து என்று பெரிதாக எதையும் விட்டுச்செல்லவில்லை. தாம் செய்ய முடியாமல் போன எல்லாவற்றையும் உலக இளையோருக்கு உரிமைச் சொத்தாக எழுதி வைத்தார்.

தூது போய்ச் சேர்ந்த காலம்

அவர் மறைந்த பிறகு நடந்தவற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் தன்மைக்கு ஏற்ப ஆறு மாதமோ ஓர் ஆண்டோ மருந்து உட்கொண்டால் தொழுநோய் முற்றிலும் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். 1995ஆம் ஆண்டு முதல் இந்த மருந்து உலகெங்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. எந்த விமானத்தையும் விற்காமலேயே, நாடுகளும் அறக்கட்டளைகளும் மருந்து நிறுவனங்களும் கூடிப் பேசி அதைச் சாத்தியமாக்கின.

சட்டத்தின் கதவோ மெதுவாகத்தான் திறந்தது. தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எதிரான பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொது அவை தீர்மானம் நிறைவேற்றியது 2010ஆம் ஆண்டு டிசம்பரில்தான். ஃபொலெரோவின் விண்ணப்பத்துக்கும் அதற்கும் இடையே 58 ஆண்டுகள். நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016ஆம் ஆண்டுதான் நீக்கப்பட்டது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் அதைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்ற விதி, இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் உரிய சட்டங்களில் இருந்தது போலவே, கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்திலும் இருந்தது. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் அது நீங்கியது. இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் பிரியமாட்டோம் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுக்கும் மக்கள் நாம். அந்த வாக்குக்கு நேர் எதிரான ஒரு வரி, நம் பெயரால் வழங்கிய சட்டத்தில் 2019 வரை இருந்தது. அதை நீக்கும்படி நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

நம் பங்கின் கடைசி வரிசை

தொழுநோய் முடிந்துபோன கதை என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோயை நீக்கிவிட்டோம் என்று 2005ஆம் ஆண்டு இந்தியா அறிவித்தது உண்மையே. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் பொருள். நோய் இல்லை என்பது அன்று. 2023ஆம் ஆண்டு மட்டும் உலகில் 1,80,000க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்பட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நம் இந்திய நாட்டினர்.

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். நோய் குணமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. விரல்கள் மட்டும் மடங்கியிருந்தன. நாள்தோறும் திருப்பலிக்கு வருவார். ஆனால் எப்போதும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்தான் அமர்வார். எல்லாரும் நற்கருணை வாங்கி முடித்த பிறகே எழுந்து வருவார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்று பங்கு மக்கள் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். முன்னே வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. பீடத்திலிருந்து பல மாதங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாமும் சொல்லவில்லை. தாழ்ச்சியான மனிதர் என்று நினைத்துக்கொண்டோம். அவர் நோயாளியாக இருந்தவர் என்பதை அறிந்தபோதுதான், அது தாழ்ச்சியல்ல, எப்போதோ கிடைத்த தீர்ப்பு என்பது விளங்கியது. ஒரு நாள் காணிக்கைப் பவனியில் அப்பத்தட்டை ஏந்தி வரும்படி அவரை அழைத்தோம். மடங்கிய விரல்களால் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நடுவழியே நடந்து வந்தார். அதற்குப் பிறகு அவர் தூணுக்குப் பின்னால் அமரவில்லை. குருவிடம் போய்க் காட்டு என்று ஆண்டவர் சொன்னதன் பொருள் நமக்கு அன்றுதான் புரிந்தது. காட்ட வந்தவரைப் பார்க்காமல் இருந்தது குரு.

அன்பர்களே, ஃபொலெரோவைப் போல வல்லரசுகளுக்குக் கடிதம் எழுத நம்மால் இயலாமல் போகலாம். ஆனால் தூது என்பது அரண்மனைக்கு மட்டும் போவதன்று. தோலில் உணர்ச்சியற்ற தேமலோடு கூச்சப்பட்டு மறைந்திருக்கும் பக்கத்து வீட்டு இளைஞரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும் தூதுதான். குணமானவருக்கு வேலை கொடுக்கத் தயங்கும் முதலாளியிடம் போய்ப் பேசுவதும், அவர் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போகாமல் காப்பதும், ஊனமுற்றோர் உதவித்தொகைக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் அவரோடு வரிசையில் நிற்பதும் தூதுதான். நமது அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், இளையோர் இயக்கங்களும் இதைச் செய்ய முடியும். பேச்சிலும் கவனம் வேண்டும். நமது பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் தொழுநோயாளர் என்று மரியாதையோடு எழுதுகிறது. நம் வாயிலிருந்து மட்டும் பழைய வசைச்சொல் ஏன் வரவேண்டும்?

மாற்கு நற்செய்தியில் அந்தப் பகுதி முடியும் விதம் வியப்புக்குரியது. நலம் பெற்றவர் போய் எல்லாரிடமும் செய்தியைப் பரப்பியதால், இயேசுவால் வெளிப்படையாக ஊருக்குள் நுழைய முடியவில்லை. வெளியே தனிமையான இடங்களில் தங்கியிருந்தார். வெளியே இருந்தவர் உள்ளே போனார். உள்ளே இருந்தவர் வெளியே வந்துவிட்டார். பிறருக்காகத் தூது போகிறவர் கொடுக்கும் விலை அது. மொலோக்காய் தீவில் 1889ஆம் ஆண்டு உயிர்துறந்த புனித தமியான் அந்த விலையை உடலால் கொடுத்தார். ஃபொலெரோ அதை வாழ்நாள் அலைச்சலாலும், பதில் வராத கடிதங்களாலும் கொடுத்தார். நம்மிடம் ஆண்டவர் எதைக் கேட்கிறார் என்று இந்த வாரம் அமைதியில் சிந்திப்போம்.

மன்றாடுவோம்: இரக்கம் நிறைந்த ஆண்டவரே, தொழுநோயாளரைத் தொட்டு நலமாக்கி, ஊருக்குள் திருப்பி அனுப்பியவர் நீர். நோயைக் கண்டு அஞ்சும் எம் உள்ளங்களை நலமாக்கும். படைக்கலன்களை அடுக்கும் தலைவர்களுக்கு நோயாளிகளின் குரலைக் கேட்கும் செவிகளைத் தாரும். எம் ஆலயங்களின் கடைசி வரிசையில் காத்திருப்போரை நாங்கள் கண்டுகொள்ளச் செய்தருளும். ஆமென்.